எம்சி எடுத்தவன் பாலம் தாண்டிய கதை

மலேசியாவின் தம்போயிலிருந்து பதினோரு வருடம் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய் வந்தவன் நான். ஒருநாள்கூட எம்சி எடுத்ததில்லை. அதற்காகக் கம்பெனி கொடுத்த சான்றிதழ்களுக்குக் கண்ணாடி போட்டு முன்கூடத்தில் மாட்டியிருந்தேன். எம்சி என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் விடுப்பை எடுப்பவன் எங்கள் பாஷையில் நோஞ்சான்.

தேநீர்க் கடையில் எங்கள் பீற்றலைக் கேட்க வேண்டும். ஒருவன் நாலு மணி நேரம்தான் தூங்கினேன் என்பான். இன்னொருவன் மூன்றரை என்பான். மெடல் குத்தப் போகிறார்கள் என்ற நினைப்பில் நான் மூன்று என்பேன். தலைவலி, நெஞ்செரிச்சல், ஒன்றுமில்லாததற்கு மனைவிமேல் எரிந்து விழுவது, எல்லாம் உழைப்பாளியின் லட்சணம் என்று நினைத்த மடையன் நான்.

கம்பெனிக்கும் எங்கள்மேல் அக்கறை உண்டு. மன அழுத்தத்தைப் பற்றி ஒரு பேச்சு ஏற்பாடு செய்தார்கள், எங்கள் சாப்பாட்டு நேரத்தில். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு பந்தைப் பிசைந்துகொண்டே மெஷினுக்குத் திரும்பினோம்.

ஒருநாள் அந்த மெஷின் முன்னாலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் ஜோகூர் பாரு கிளினிக்கில் டாக்டரம்மா பிரஷரை இரண்டு முறை பார்த்தார்.

"இப்படியே ஓடுனீங்கன்னா ஸ்ட்ரோக்தான் அண்ணே. மாத்திரை மட்டும் பத்தாது. ரெண்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது, நல்லா தூங்கணும்."

எம்சி சீட்டைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, திருட்டுப் பொருளைப்போல் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

மூன்றாம் நாள் விடியுமுன் எழுந்தேன், சப்பாத்து மாட்டினேன், பாஸ்போர்ட்டைக் காட்டினேன், பாலத்துப் புகையைக் குடித்துத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். காவலுக்கு இருந்த தமிழர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு எம்சிலா அண்ணே! எதுக்கு வந்தீங்க?"

அப்போதுதான் ஞாபகமே வந்தது. அதோடு திரும்பியிருந்தால் கொஞ்சம் மானமாவது மிஞ்சியிருக்கும்.

"வந்தது வந்துட்டேன், ரெண்டு மணி நேரம் உள்ள விடுங்க" என்று கெஞ்சினேன். அவர் விடவில்லை.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி, நான் பார்க்கவே அரிசி டின்னுக்குள் புதைத்தாள்.

"ரெண்டு வாரம் முடியட்டும், எடுத்துத் தரேன்."

மறுநாளும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. இந்த முறை மறதி என்று சொல்ல வழியில்லை. எம்சி என்று நன்றாகத் தெரிந்தேதான் சமையலறைக்குப் போய், அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். பின்னால் அவள் குரல் கேட்டது.

"எடுத்துக்குங்க, நான் தடுக்கல. ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. நீங்க கை கால் விழுந்து படுத்துட்டா, சுவத்துல இருக்கிற சர்ட்டிபிகேட்டா வந்து உங்களைக் குளிப்பாட்டும்?"

விரல் நுனியில் பாஸ்போர்ட் பட்டது. எடுக்கவில்லை. உண்மையாகவே பயந்துவிட்டேன். ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

எழுந்தபோது மதியம். முன்கூடத்துச் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. எங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை.