அவள் மூக்குக்கு நான் பார்த்த டாக்டர்

என் மனைவிக்கு மூக்கு கோணல். சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்து உடைந்ததாம். எலும்பு கூடும்போது இடது பக்கம் சாய்ந்து கூடிவிட்டது. கல்யாணமான புதிதில் அந்தக் கோணலுக்கு நான் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட மகராசன் நான்.

அவளுக்குத் தர்மபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. யார் ரிசீவரை எடுத்தாலும் முதலில் வருவது ஆபரேட்டரின் குரல்தான். அடேயப்பா, என்ன குரல் அவளுக்கு! அரிசி மண்டிக்காரர், வக்கீல், லாரி ஆபீஸ் மேனேஜர் எல்லோரும் காதில் வாங்குகிற குரல். நான் காரிமங்கலம் யூனியன் ஆபீசில் கிளார்க். ஒருநாள் ஆபீஸ் போனில் என் குரலை மாற்றிக்கொண்டு, வெளியூர் வியாபாரிபோல ஒரு நம்பர் கேட்டேன். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றாள், அத்தனை இதமாக. அன்று சாயங்காலம் வீட்டில், "கண்டவன்கிட்டயும் இப்படித்தான் கொஞ்சுவியா?" என்று சண்டை போட்டேன். அந்தக் கண்டவன் நான்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

குரலைக் கேட்டவர்கள் சிலர், பில் கட்ட வரும் சாக்கில் அவளைப் பார்க்க வருவார்கள். பார்த்ததும் முகம் மாறும். பில்லைக் கட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எங்கள் கல்யாண போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் அவள் ஃபாதரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, மூக்கை ஆபரேசன் பண்ணி நேராக்குறாங்களாம். எங்க சூப்பர்வைசரம்மாவோட தங்கச்சி பெங்களூர்ல பண்ணிக்கிச்சு. அடையாளமே தெரியல. நானும் பண்ணிக்கட்டுங்களா? ஒரே ஒரு தடவ நேராப் பாத்து போட்டோ எடுத்துக்கணும்ங்க."

"விசாரிக்கறேன்" என்றேன். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் முதலில் நான் மட்டும் பெங்களூருக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி சுத்தமாக, அமைதியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை எல்லாம் அந்த டாக்டர்தான். வயசு முப்பத்தைந்துகூட இருக்காது. நல்ல உயரம், வெள்ளை வெளேரென்று பல்வரிசை. தமிழும் பேசினான். எனக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். ஒரு நிமிஷம் பார்த்தான், இரண்டு நிமிஷம் பார்த்தான். பிறகு என்னிடம் ஒரு ஆல்பத்தைக் காட்டினான். பக்கத்துக்குப் பக்கம் பெண்கள், ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வேலை அருமையான வேலை, அதை மறுக்க முடியாது. அத்தனை மூக்கும் அளவெடுத்து வைத்தது மாதிரி இருந்தன. "உங்க மிசஸை அடுத்த வாரமே கூட்டிட்டு வாங்க, அழகா பண்ணிடலாம்" என்றான்.

அழகா பண்ணுவானாம்! என் பெண்டாட்டியை இவன் யார் அழகு பண்ண? அந்தக் குரலோடு நேரான மூக்கும் சேர்ந்தால் பில் கட்ட வருகிறவன் திரும்பிப் போவானா? ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி வீடு வரும்வரை எனக்கு இதே நினைப்பு. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அந்த ஆளு ஃபாரின் போயிட்டாராம். திரும்பி வர ரெண்டு வருசம் ஆகுமாம்" என்றேன், வாய் கூசாமல்.

அவள் முகம் விழுந்துவிட்டது.

அடுத்த வாரமே எங்கள் ஹெட்கிளார்க் சொன்னார் என்று சேலத்தில் ஒரு டாக்டரைப் பிடித்தேன். காது, மூக்கு, தொண்டை என்று போர்டு. எழுபதைத் தொட்ட மனுஷன், சோடாபுட்டிக் கண்ணாடி. அவளைக் கூட்டிப் போனபோது முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூக்குத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள தண்டு வளைஞ்சிருக்கு, எடுத்துடலாம்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவரல்லவா டாக்டர்!

அவள்தான் தயங்கி, "வெளியவும் நேராயிருமுங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரியாப் போயிரும்மா" என்றார் அவர், அடுத்த நோயாளியின் சீட்டைப் பார்த்துக்கொண்டே.

கட்டுப் பிரித்த அன்று வீக்கம் இருந்தது. வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்தோம். ஒன்றரை மாசத்தில் வடிந்தது. கோணல் போட்டது போட்டபடி அப்படியே இருந்தது. போதாததற்கு நடு மூக்கில் கட்டை விரலால் அழுத்தினதுபோல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மறுபடியும் சேலம் போய்க் கேட்டதற்கு, "மூச்சு நல்லாப் போவுதில்ல? அப்புறம் என்ன?" என்று எரிந்து விழுந்தார் கிழவர். பஸ்ஸில் அதியமான்கோட்டை வரும்வரை அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பள்ளத்தில் பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள். அப்பினால் மட்டும் மறையுமா? பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வோம் என்று நினைத்தேன். அதையாவது ஒழுங்காகச் சொன்னேனா?

"அந்த பெங்களூர் டாக்டர் மட்டும் ஊர்ல இருந்திருந்தா இந்தக் கண்றாவி வந்திருக்குமா?" என்றேன்.

அவள் பவுடர் டப்பாவை மூடினாள். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள்.

"ஊர்லதாங்க இருந்தாரு."

நான் சட்டைப் பொத்தானைப் போடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நீங்க வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்கு மறுநாளே டூட்டில இருந்து பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்டேன். செவ்வாக்கிழம வரச் சொன்னாங்க."

நாளெல்லாம் டெலிபோனில் உட்கார்ந்திருக்கிறவள் காதில் பூச்சுற்றப் பார்த்திருக்கிறேன்! என்னைப்போல ஒரு மடையன் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான்.

"தெரிஞ்சுமா சேலத்துக்கு வந்த?" என்றேன்.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அங்க போய் மூக்கு நேராயிட்டா, ஆயுசுக்கும் நீங்க என்னைச் சந்தேகப்பட்டுட்டே இருப்பீங்க. தெனம் தெனம் அந்தச் சண்டைய யாரு போடுறது? சேலத்துலயும் கொஞ்சம் நேராக்கிருவாங்கன்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு நெனைக்கல."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. காலில் விழுந்திருக்க வேண்டிய நேரம் அது. ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கர்த்தர் அறிய, மன்னிப்புக் கேட்கத்தான் திறந்தேன்.

"போன்ல பேசினது அந்த டாக்டரேவா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டாள்.