நூற்று இருபத்தோராவது அட்டை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஒரு மனுஷனுடைய பிழைப்பு நான் வாயைத் திறப்பதில் இருந்தது. மூன்று நாள் நான் திறக்கவில்லை. இது போன வருடம், எண்பத்தெட்டில், ஆடி மாதம் நடந்தது.

நான் ஆரணியில் கணக்கு டீச்சராக இருந்தவள். பெங்களூரில் இருக்கும் என் அண்ணன், அவன் ஆபீஸில் புதுசு வந்ததும் கழித்துவிட்ட கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் எனக்கு அனுப்பினான். வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடம் தனியாக உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். பட்டுச்சேலைக் கரையின் டிசைனைத் திரையில் கட்டம் கட்டமாக வரைந்தால், தறி மேல் இருந்து இழைகளைத் தூக்கிவிடுகிற ஜக்கார்டு பெட்டிக்கு எந்த அட்டையில் எங்கெங்கே துளை போட வேண்டும் என்று பட்டியல் அச்சாகி வரும். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. கையால் பத்து நாள் ஆகிற வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். டீச்சருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். எனக்கும் ரோஷம் அதிகம். இவர்கள் மூக்கில் விரல் வைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

முதல் பட்டியல் முள்ளிப்பட்டு நெசவாளி கன்னியப்பனின் தறிக்குப் போனது. அவருக்குப் பாவு நூலும் பட்டும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்பவர் ஆரணி முதலாளி ஒருவர். கல்யாணச் சேலை. இரண்டு கரையிலும் மயில், ஒன்றையொன்று பார்த்தபடி. இரண்டு கரைக்கும் தனித்தனிப் பெட்டி, மாலை மாதிரி கோத்த தனித்தனி அட்டைக் கோவை. கோவை ஒரு சுற்று சுற்றினால் ஒரு மயில். அதில் ஒரு கோவையை எலி கடித்துவிட்டது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் என் பட்டியலை வைத்துப் புது அட்டை அடித்தார்கள்.

பாதிச் சேலை நெய்திருந்தபோது சேதி வந்தது. மயிலுக்கு எதிரே மயில் இல்லை, வெறும் கொடிதான் இருக்கிறது என்று. ஆரம்பத்தில் நேருக்கு நேராக இருந்தவை, கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போயிருந்தன.

முதலாளி என் வீட்டுக்கே வந்தார். நான் பயந்துகொண்டு நின்றேன்.

"நீங்க கவலப்படாதீங்க டீச்சர். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. ஒரு பக்கத்து அட்ட சிக்கிகினு நின்னிருக்கும், அவன் பாத்திருக்க மாட்டான். கண்ணு போயிட்டுது அவனுக்கு. இனிமே பாவு குடுக்கறதா இல்ல. புதன்கெழம எட்டு மொதலாளிங்கள இட்டுகினு வரேன், நீங்க மிஷின ரெடியா வெச்சிருங்க."

அந்தப் புதன்கிழமைக்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன். பட்டியலைத் திரையில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். தப்பு தெரியவில்லை. ஆனால் மனசு அடித்துக்கொண்டது. முழங்கால் போட்டு, "ஆண்டவரே, தப்பு என் பேரில் இல்லாமல் பண்ணும்" என்று கேட்டேன். மூன்று நாளும் அதையேதான் கேட்டேன். அது ஜெபமே இல்லை, பேரம். வெட்கத்தோடு சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கன்னியப்பனின் மனைவி சரசு வந்தாள். அவர்கள் நம் சபையார் அல்ல.

"டீச்சர், நீங்க ஜெபம் பண்ணா கேக்கும்னு சொல்றாங்க. அவருக்கு கண்ணு போயிட்டுதுன்னு ஊரே சொல்லிகினு கீது. மூணு நாளா தறியில குந்தல. வெரல கண்ணுகிட்ட வெச்சி வெச்சிப் பாத்துகினு கீறாரு. அவரு கண்ணுக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க டீச்சர்."

நான் அவளோடு முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, கன்னியப்பனுடைய கண்ணைத் தொடும்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா, உங்க வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

கன்னியப்பன் தறிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அட்டைய எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"கையால வரைஞ்சத எண்ணுவோம். கம்ப்யூட்டர் குடுத்தத எண்ணுவாங்களா டீச்சர்?"

எண்ணச் சொன்னேன். பழைய கோவையில் நூற்று இருபது. என் கோவையை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு கூட கீதே."

கடைசி அட்டையை முதல் அட்டையின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளைக்குத் துளை சரியாக இருந்தது. ஒரு மயில் முடிந்து அடுத்த மயில் ஆரம்பிக்கிற முதல் வரிசையை, என் புரோகிராம் முடிவிலும் ஒரு தடவை சேர்த்து அச்சடித்திருக்கிறது. ஒரு மயிலுக்கு ஓர் இழை அதிகம்; அது சேர்ந்து சேர்ந்துதான் மயில்கள் விலகிப் போயிருக்கின்றன. திரையில் இரண்டு மயிலைப் பார்த்துவிட்டு சரி என்றவள் நான். தறியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவள் இல்லை.

அதைக் கண்டுபிடித்தது கன்னியப்பனின் கண். அந்தக் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. சரசு கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று அங்கேயே தெரிந்தது. நான் கேட்டதற்கு வந்த பதிலும் அதுதான், நான் விரும்பின பதில் இல்லை. அந்தத் தறிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

"தப்பு என்னுதுங்க. உங்களுது இல்ல" என்றேன். சரசு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை எட்டு முதலாளிகள் வந்தார்கள். மிஷினைப் போடுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். "அப்ப நாங்க கையாலியே வரைஞ்சிக்கறோம்மா" என்றார் ஒருவர். அடுத்த வாரம் கன்னியப்பன் வீட்டுக்குப் பாவு வந்து சேர்ந்தது.

என் புரோகிராம் ஊரில் எடுபடவில்லை. இன்றைக்கு டியூஷன் எடுத்துப் பிழைக்கிறேன். ஆனாலும் அதைத் திருத்தி வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு தறிக்குப் பட்டியல் போகிறது. கன்னியப்பன் எண்ணிப் பார்க்காமல் ஒரு பட்டியலும் தறிக்குப் போகாது. வியாழக்கிழமைகளில் நான் முள்ளிப்பட்டுக்குப் போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன். வேலையை விட்ட அன்றே செய்திருக்க வேண்டிய காரியம் அது.

உங்களில் யாராவது, தப்பு என் பேரில் இருக்கக் கூடாது என்று ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள். உண்மையைக் காட்டும் என்று கேளுங்கள். பயமாகத்தான் இருக்கும். அவரை நம்பிக் கேளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முள்ளிப்பட்டில் நான் பஸ் ஏறும்போது சரசு ஓடி வந்து கேட்டாள்: "டீச்சர், காலைல ஜெபத்த முடிக்காமயே எழுந்துட்டீங்களே." அவள் கையை அழுத்திவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இன்றைக்கு அவள் இந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சரசு, இப்போது முடிக்கிறேன். ஆமென்.