கட்டை முதலில், துப்பாக்கி பிறகு

துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே, அதைத் தோளில் தாங்கும் மரக் கட்டையைச் செய்துவிட்ட ஆள் தூத்துக்குடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாகை மரத்தில் இழைத்து, எண்ணெய் பூசி, மினுமினுவென்று அது எங்கள் வீட்டு சோபாவில் விருந்தாளி போலப் பல வாரம் கிடந்தது. வந்தவர்கள் கட்டில் காலா, கிரிக்கெட் மட்டையா என்று கேட்டார்கள். துப்பாக்கி என்று சொல்ல எனக்குக் கூச்சம். "ஒரு வேலைக்கு வச்சிருக்கேன்" என்பேன். என் மனைவிதான் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவாள்.

"பாதித் துப்பாக்கி அது. மிச்சப் பாதி எங்க இருக்குன்னு இவுகளுக்கே தெரியாது."

எங்கள் ஊரை அடுத்த புதுக்கோட்டைப் பக்கம், திருநெல்வேலி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் ரைபிள் கிளப் இருக்கிறது. காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டு சுடும், லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போவேன். சுடும்போது யாரும் பேசக் கூடாது என்பது கிளப்பின் விதி. நாலு பேர் கூடிய இடத்தில் நானும் இருந்துகொண்டு, வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாத இடம் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

சிக்கல் என் கையில் இருந்தது. நான் இடது கைக்காரன். கிளப் துப்பாக்கிகளில் ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துத் தள்ளிப் பூட்டுகிற போல்ட், வலது பக்கம் இருக்கும். வலது கைக்காரர்கள் துப்பாக்கியைத் தோளில் இருந்து எடுக்காமலே அதை இழுத்துவிடுவார்கள். நின்றுகொண்டு சுடும்போது என் வலது கை துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் இறக்கி, இழுத்து, மறுபடி தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, குறி தேடி... அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிடும்.

கிளப்பில் சொல்லிக்கொடுப்பவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் மாஸ்டர். ஒருநாள் நான் சுட்ட குறி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"குறி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா பாதிக் குண்டு சுடாமலே நேரம் போயிருதே. இடது கைத் துப்பாக்கி ஒண்ணு கொண்டாங்க. திருநெல்வேலி கிளப்போட மேட்ச் வருது. நாலு பேரு டீம். தேர்வுல உங்களையும் பாக்கேன்."

பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் பிரித்தால், இரண்டு பக்கமும் பிரித்து முடித்த பிறகு நான் மிச்சம் இருப்பேன். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் முடிந்துபோனது. ஏதாவது ஒரு டீமில் என் பெயர் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வரும் வழியில் பைக்கை நிறுத்தி, தேவையே இல்லாமல் ஒரு இளநீர் குடித்தேன்.

கடையில் வாங்கினால் கட்டை என் உடம்புக்குப் பொருந்தாது, தனியாகச் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. நான் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் உதிரிபாகக் கடையில் நிற்பவன். எங்கள் தொழிலில் வள்ளம்தான் முதலில். கட்டி முடித்துக் கரையில் நிறுத்திவிட்டு, "வள்ளம் முடிஞ்சிட்டு, தோதா ஒரு எஞ்சின் பாருங்க" என்று வருவார்கள். நீளம், அகலம் கேட்டு நாங்கள் எஞ்சினைச் சொல்வோம். அது இத்தனை வருடமாகத் தப்பாகப் போனதில்லை. ஆகவே கடைக்கு வழக்கமாக வரும் வள்ளம் கட்டும் ஆசாரியிடம் கட்டையைச் செய்யச் சொன்னபோது, எங்கள் இரண்டு பேருக்குமே அதில் விசித்திரமாக எதுவும் படவில்லை.

அவர் என் கை நீளம், தோள், கன்னம் எல்லாவற்றையும் கயிறு வைத்து அளந்தார்.

"உள்ள என்ன மிஷினு வைக்கப் போறிய?"

"அது பொறவு பாப்போம்."

"அதுவுஞ் சரிதான்" என்றார். என் போனில் இருந்த கிளப் துப்பாக்கியின் படத்தைப் பார்த்து, மிஷின் உட்காரத் தோராயமாக ஒரு குழியும், அதை முறுக்க இரண்டு ஸ்குரூ ஓட்டையும் போட்டார். அரை வட்டமாக, வழவழவென்று, வள்ளத்தின் அடிவயிறு போல அழகான குழி.

அதன் பிறகுதான் ஆக்‌ஷன் தேட ஆரம்பித்தேன். போல்ட்டும் விசையும் அவை பொருந்தியிருக்கும் உடம்பும் சேர்ந்ததற்கு ஆக்‌ஷன் என்று பெயர். துப்பாக்கியின் எஞ்சின் அதுதான், குழலும் அதோடு சேர்ந்தே வரும். சென்னையில் விற்பவருக்கு போன் செய்தேன்.

"கட்டையில ரெண்டு ஸ்குரூ ஓட்டைக்கும் நடுவுல எவ்வளவு சார்?"

அளந்து சொன்னேன்.

"இது எந்த மாடலுக்கும் வராதே. யார் சார் டிராயிங் கொடுத்தது?"

டிராயிங் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் பொறுமையாக விளக்கினார். இடது பக்கம் போல்ட் உள்ளது ஒரே ஒரு மாடல். அதன் அடிப்பக்கம் சதுரம், என் குழியில் இறங்காது. வட்ட அடி உள்ளது இன்னொன்று. ஒரு ஓட்டையை மட்டும் தள்ளிப் போட்டால் கச்சிதமாக உட்காரும். ஆனால் அதற்கு போல்ட் வலது பக்கம்.

"எது அனுப்பட்டும் சார்?"

ஆசாரியின் அழகான குழி கண்ணில் நின்றது. அதை வெட்ட வேண்டும் என்று அவர் முகத்துக்கு நேராக நான் எப்படிச் சொல்வேன்?

"வட்டமா இருக்கதையே அனுப்புங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"வலது கைத் துப்பாக்கிதான் கிளப்புல சும்மா கெடக்கே. அதுக்கா இம்புட்டுப் பாடு? கட்டைக்குத் தோதாப் பாத்திய. உங்க கைக்குப் பாக்க வேண்டாமா?"

எனக்கு ஒருவருக்கு போன் செய்வதே பெரும்பாடு. சொன்னதை மாற்றிச் சொல்ல இரண்டாம் தடவை செய்வது அதைவிட மோசம். வாய்க்குள் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு அழைத்தேன். அவர் சிரித்தார். "நான் இன்னும் பேக் பண்ணவே இல்ல சார். நீங்க கூப்பிடுவீங்கன்னு தெரியும்."

இடது கை ஆக்‌ஷன் வந்து சேர்ந்ததும் அதையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சதுரத்தை வட்டத்தின் மேல் வைத்துக் காட்டினேன். அது கூடைக்குள் போகாத பெட்டி போல மேலேயே நின்றது.

"எந்தப் பய அண்ணாச்சி இந்தக் குழியத் தோண்டுனது?"

"நீங்கதான்."

"பொறவு பாப்போம்னு எந்தப் பய சொன்னது?"

"நான்தான்."

"அப்பச் சரி" என்று உளியை எடுத்தார். கோபித்துக்கொள்வார் என்று நான் தூக்கம் கெட்டதெல்லாம் வீண். "நட்டநடுக்கடல்ல எஞ்சின மாத்துறவனெல்லாம் இருக்கான். நீரு ஒரு குழிக்குப் போய் இம்புட்டு நாளு எங்கன ஒளிஞ்சிருந்தீரு?" குழியில் ஒரு மரத்துண்டைப் பசை போட்டு இறுக்கி, அது காய்ந்த பிறகு ஆக்‌ஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சதுரமாகத் தோண்டினார். புது மரத்தின் நிறம் வேறு. ஒட்டுப் போட்ட வள்ளம் போல ஆகிவிட்டது என் துப்பாக்கி. ஆனால் ஸ்குரூ இரண்டும் முறுக்கியதும் ஒரு அசைவு இல்லை.

தேர்வன்று தோளில் வைத்தேன், இறக்கவே இல்லை. இடது கை போல்ட்டை இழுத்தது, தள்ளியது, சுட்டது. இழுத்தது, தள்ளியது, சுட்டது. தலை நிமிர்ந்து பார்த்தபோது குண்டு எல்லாம் தீர்ந்திருந்தது. மற்றவர்கள் இன்னும் பாதிதான் சுட்டிருந்தார்கள். மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

மாஸ்டர் என் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். பழைய அட்டையைவிட ஓட்டைகள் சிதறிக் கிடந்தன.

"துப்பாக்கி அருமையா இருக்கு அண்ணாச்சி" என்றார். "முன்னால இறக்கி ஏத்துதப்போ ஒரு மூச்சு விட்டிய. இப்ப அதுவும் விடல. அதான் இப்பிடிச் சிதறிருக்கு."

இத்தனை நாள் இடது கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அதற்கும் வழியில்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டாள். "என்னாச்சு?"

"நேரத்துக்குள்ள முடிச்சிட்டேன்."

"டீம்ல எடுத்தாகளா?"

"அஞ்சாவது ஆளு. நாலு பேர்ல யாராவது வரலைன்னா நான்."

குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்த நாலு பேர்ல யாருக்காவது சளி, காய்ச்சல்னு உண்டா?"

வரும் வழியெல்லாம் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒருவர் இருமியதாகக்கூட நினைவு. சொல்ல வெட்கமாக இருந்ததால், துப்பாக்கியைத் துடைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன்.