கண்ணாடி அலமாரியிலிருந்த வெள்ளிக் குழாய்

வேலூரில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் நடையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. முந்தைய டாக்டர்கள் விட்டுப்போன பழைய கருவிகளை அதில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். தந்தப்பிடி போட்ட எலும்பு ரம்பம், ரத்தம் வடிக்கிற பித்தளைப் பெட்டி, நெஞ்சில் வைத்துக் கேட்கும் மரக்குழல். வருகிறவர்கள் நின்று வியப்பார்கள். எனக்கோ அந்த ரம்பத்தைப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். வேகமாகக் கடந்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர் தன் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தொண்டை அடைப்பான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்துக் குழி உள்ளே போனது.

“நர்ஸம்மா, ரயில்ல வர்றப்போ ஜாஸ்தியாய்ட்டுது. இன்னாவாவது செய்யுங்க!”

டாக்டரம்மா பார்த்ததுமே, “கழுத்துல துளை போட்டுக் குழாய் வைக்கணும்” என்றார். ஆனால் குழந்தைகளுக்கான குழாய் ஒடுகத்தூர் முகாமுக்குப் போன பெட்டியில் இருந்தது. பெரியவர்களுக்கானது அந்தக் கழுத்துக்குள் நுழையாது. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“அலமாரியில சின்ன வெள்ளிக் குழாய் ஒண்ணு இருக்கு. ஓடு!”

அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த குமாஸ்தா காட்பாடிக்குப் போயிருந்தார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணாடியை ஓங்கிக் குத்தினேன். குழாய் கறுத்துக் கிடந்தது. தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு ஸ்டவ்வில் வைத்தேன். தண்ணீர் கொதிக்கவே மாட்டேன் என்றது. அறைக்குள் அந்தக் குழந்தையின் இழுப்பு கேட்டது. நடுநடுவே கேட்காமலும் போனது. நிற்க முடியாமல் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

டாக்டரம்மா குழாயைப் பொருத்தியதும் விசில்போலக் காற்று உள்ளே போனது. உதட்டில் நிறம் திரும்பியது.

அதன்பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சளி அடைக்காமல், குழாய்க்குள் செருகியிருக்கும் உள்குழாயை அடிக்கடி எடுத்துக் கழுவ வேண்டும். கழுத்தில் குழாய் இருக்கும்வரை பேச்சு வராது. அழுதால்கூடச் சத்தமில்லை, கண்ணீர் மட்டும்தான். தகப்பனுக்கு அது தாங்கவில்லை.

“குரல் போய்ட்டுதா, நர்ஸம்மா?”

“குழாய எடுத்தா வந்துடும், பாய்” என்றேன். எனக்கே அது நிச்சயமில்லை.

அடைப்பு கரைந்தபின் ஒரு காலை டாக்டரம்மா குழாயை உருவினார். துளையைப் பஞ்சால் மூடினேன். குழந்தை என்னை முறைத்தது. வாய் திறந்தது.

“போ!” என்றது. தொடர்ந்து வீறிட்டு அழுதது. கரகரத்த அழுகைதான். ஆனாலும் ஆம்பூரிலிருந்து பிறகு வந்துசேர்ந்து நடையில் காத்திருந்த தாய்க்குக் கேட்டுவிட்டது. செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தாள்.