காலி மனை என்று எழுதிய வீடு

இதை எழுதுவதா வேண்டாமா என்று நாலு வருடமாகத் தயங்கினேன். எழுதினால் ஊர் சிரிக்கும் என்று தடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரே, "எழுதித் தொலை. மனசுல வச்சு எதுக்குப் புழுங்குற" என்று போன வாரம் சொல்லிவிட்டார்.

கொரோனா ஓய்ந்த பிறகு வந்த ஆவணி மாதம். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு ஓட்டு வீடு விலைக்கு வந்தது. பதினெட்டு வருடம் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிய எங்களுக்கு அது அரண்மனை. நகையை விற்று, மீதிக்கு வட்டிக்கு வாங்கி, பேசி முடித்தோம். பத்திரம் கைக்கு வந்ததும் பேங்கில் வைத்துக் கடன் வாங்கி, வட்டிக்காரர் கடனை அடைத்துவிடலாம் என்று நினைத்தோம்.

பத்திரம் எழுதுகிறவர் ஒரு யோசனை சொன்னார். "வீட்டைக் காட்டினா அதோட மதிப்புக்கும் சேத்து வரி கட்டணும்க்கா. காலி மனைன்னு போட்ருவோம். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அப்ப நாம பால் காய்ச்சப் போறது பொட்டல்லயா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். அவருக்கு மனசில்லை. நான்தான் அவர் வாயை அடைத்தேன். மிச்சமாகிற பணத்தில் கணபதி ஹோமம் வைத்து, வந்தவர்களுக்கு வயிறாரச் சோறு போடலாமே என்றேன். சாமி காரியத்துக்குத்தானே என்று எனக்கு உறுத்தவே இல்லை. பத்திரம் என் பேரில். எட்டாவது வரை படித்தவள் நான். 'மனையில் கட்டடம் ஏதும் இல்லை' என்ற வரியை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஹோமம் நன்றாக நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாசப்படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறேன், பத்திர ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்து நின்றார். யாரோ மொட்டை மனு போட்டிருக்கிறார்கள். அவர் கையில் பத்திர நகல்.

"ஏம்மா, இந்தக் காலி மனை எங்கிட்டு இருக்கு?"

பேரைப் பார்த்தேன். என் பேர்தான். "இதுதாங்க சார்" என்றேன்.

அவர் ஓட்டுக் கூரையையும் தோரணத்தையும் மெதுவாகப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மஞ்சப் பூசுன வாசப்படியில நின்னுக்கிட்டு, வீடே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா" என்றார், அவ்வளவுதான்.

குறைத்துக் கட்டிய வரியில் மீதியையும் அபராதத்தையும் கட்டினால்தான், ஆபீஸில் இருக்கும் பத்திரம் கைக்குக் கிடைக்கும் என்றார்கள். பத்திரம் இல்லாமல் பேங்கில் கடன் இல்லை. கடன் இல்லாமல் வரி கட்ட வழியில்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஏறியது. பத்திரம் எழுதியவர், "நீங்க சரின்னுதானேக்கா எழுதினேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். அதுவும் உண்மைதானே. ஆத்மநாதர் சன்னதியில் போய் நின்றேன். கும்பிட்ட கைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. பொய் சொன்னவள் என்னவென்று கேட்பாள்?

பதினோரு மாதம் தாக்குப் பிடித்தோம். பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் வரி, அபராதம், வட்டிக் கடன் எல்லாவற்றையும் அடைத்து வீட்டை வாங்கிக்கொண்டார். எங்களுக்கு மிஞ்சியது வாடகை முன்பணம் கொடுக்கத்தான் ஆனது. அவர் பேருக்கு எழுதிய பத்திரத்தை வாசித்துக் காட்டினார்கள். இரண்டு அறை, சமையலறை, குழாய், கொல்லையில் ஒரு முருங்கை, எதுவும் விடுபடவில்லை. வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அதை வீடு என்று ஒப்புக்கொண்டு நான் போட்ட ஒரே கையெழுத்து, அதை இன்னொருவருக்குக் கொடுத்த கையெழுத்துதான்.

இல்லை என்று நான் எழுதிக் கொடுத்ததைச் சாமி அப்படியே நடத்திவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வீடு வாங்கப் போகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். எங்கள் மேல் இரக்கப்பட்டு என் தப்பை மட்டும் குறைத்துவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.