மூடாத இடது கண்

வாய் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கமாக வழிந்து ரவிக்கையை நனைத்ததுதான் முதல் அறிகுறி. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். வலப்பக்கம் மட்டும் சிரித்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தெட்டு வயது. நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்தோம். பள்ளியில் தையல் டீச்சர். சபையில் பெண்கள் ஐக்கியச் செயலாளர்.

பக்கவாதம் என்றே நினைத்தோம். மதுரைக்குப் போகும் பஸ்ஸில் என் கணவர் என் கையை விடவே இல்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் ஊரறிய அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

டாக்டரம்மா புருவத்தைத் தூக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். இடது இமை பாதியில் நின்றுவிட்டது.

“இது பக்கவாதம் இல்லம்மா, முகவாதம். மாசக்கணக்குல ஆகலாம். அநேகமா சரியாயிரும்” என்றார்.

முகவாதம் (முகத்தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி, ஒரு பக்கம் அசையாமல் போவது) எனக்குப் புதிய வார்த்தை. ‘அநேகமா’தான் பயமுறுத்தியது. ஸ்டீராய்டு (வீக்கத்தை வடியவைக்கும் மருந்து) கொடுத்தார். கண் காய்ந்துபோகாமல் சொட்டு மருந்து விடவும், தூங்கும்போது இமையை ஒட்டிவைக்கவும் சொன்னார். இதில் அசட்டையாக இருக்கக் கூடாது என்றார். கூடவே, தினமும் விசிலடித்துப் பழக வேண்டுமாம். என் கணவர் அதை இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

எனக்கு வேறொரு கவலை. ஜெபம் என்றால் கண்ணை மூடுவது என்றே வளர்ந்தவள் நான். குடும்ப ஜெபத்தில் இப்போது இடது கண் திறந்தே கிடந்தது. உலக சமாதானத்துக்காக உருகிக்கொண்டிருந்த என் கணவர், கண்ணைத் திறந்துவைத்துக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் ஹெப்சி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

ஜெபத்தில் மனசு நிற்கவில்லை என்று புதிதாக வந்திருந்த போதகரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, “நானும் ஒரு கண்ணைத் திறந்துதான்க்கா வச்சிருப்பேன். எம்புட்டுப் பேரு தூங்குறாங்கன்னு பாக்கணும்ல?” என்றார்.

வேறு வழியில்லாமல், கண்ணில் பட்டதையே ஆண்டவரிடம் பேச ஆரம்பித்தேன். இந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறது, இவர் ஜெபத்தைச் சீக்கிரம் முடிக்கட்டும் என்றேன். பிறகு தையல் மெஷினில் நூல் அறுந்தபோதும், கண்ணுக்கு மருந்து விட்டபோதும் பேசினேன். ஒருநாள் சாயங்காலம்தான் கவனித்தேன்: காலையில் தொடங்கிய ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லவே இல்லை. ஆண்டவரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை.

மூன்றாவது மாதம், பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வழக்கம்போல் உதட்டைக் குவித்து ஊதினேன். திடீரென்று விசில் வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். யார் அடித்தது என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் வந்தார். ஆண்கள் ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

“நான்தாண்ணே” என்று சொல்லி, வியாதியை விளக்கினேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒரு விசிலுக்கு வண்டி நின்னுருச்சு. இன்னும் ரெண்டு அடிங்கக்கா, கெளம்பட்டும்.”

பஸ்ஸே காத்திருந்தது. ஒன்று வந்தது, அடுத்ததற்கு வெறும் காற்று. மிச்சத்தை அவரே ஊதினார். சிரித்தேன். இடது உதட்டோரம் லேசாகத் துடித்தது. அழுகையும் வந்தது.

ஐந்தாவது மாதம் இமை முழுசாக மூடியது. ஆனாலும் இன்றுவரை இடது கண் வலது கண்ணைவிட ஒரு நொடி பிந்தித்தான் மூடும். அந்த ஒரு நொடியில் எதிரே யார் இருக்கிறார்களோ, அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் என் ஜெபம் உள்ளே போகிறது.