சிங்காநல்லூரில் ஓர் அம்மா வீடு

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரிலிருந்து தொண்டாமுத்தூர் போய், அங்கிருந்து பெருந்துறை போய், அன்று மாலையே கோவை திரும்பினேன். மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் போய்விட்டு, வந்த வழியே திரும்பிக் கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கூகுள் மேப் பார்த்தால் சிரிக்கும். ஆனால் நான் போன பயணங்களிலேயே இதுபோல் வாயடைத்துப்போய்த் திரும்பியது வேறில்லை.

நான் திருச்சியில் சமூகப்பணித் துறையில் ஆய்வு செய்கிறேன். குழந்தைகள் இல்லங்களில் வளர்கிறவர்கள் பதினெட்டு வயதில் வெளியே வரவேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் போவீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. ஆனால் திருப்பூரில் ஒரு பெண், கரூரில் ஓர் இளைஞர், பெருந்துறையில் சுகன்யா என்று மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். "சிங்காநல்லூர் ஊட்டுக்குங்க."

மூவரும் ஒரே இல்லத்தில் வளர்ந்தவர்கள். அந்த வீட்டை நடத்துகிற பிரகாஷும் அங்கே வளர்ந்தவர்தான். இப்போது ஒரு லேத் பட்டறையில் வேலை. போனில் பிடித்தேன். "ஞாயித்துக்கெழம சுகன்யாவுக்குக் கட்டுச்சோறுங்க. நீங்களும் வாங்க, நேர்லயே பாத்துக்கலாம்" என்றார்.

கொங்குப் பக்கம் தலைப்பிரசவத்துக்கு முன், பெண்ணின் பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். வளையல் போட்டு, விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவருவார்கள். பிறந்த வீடே இல்லாத பெண்ணுக்கு? அதற்காகத்தான் அதே இல்லத்தில் வளர்ந்த பதினொரு பேர் சேர்ந்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

திருச்சியிலிருந்து வரும் பஸ் நேராகச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடும். சனிக்கிழமையே கிளம்பிய எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. அங்கிருந்து பத்து நிமிட நடை. பட்டறைக்கு மேலே மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். ஓர் அறையில் மெர்சி குடியிருக்கிறார். அவரும் அதே இல்லத்துப் பெண், பிரசவ வார்டு நர்ஸ். இன்னோர் அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, கூரையில் தூளி கட்டும் கொக்கி. "இந்த ரூம்ல யாரும் இருக்க மாட்டோமுங்க. பிரசவத்துக்கு வர்றவங்களுக்கு" என்றார் மெர்சி. ஏற்கெனவே மூன்று குழந்தைகள் அந்தக் கொக்கியில் தூங்கியிருக்கின்றன. அதைக் கேட்டதும் என் கேள்விகளையெல்லாம் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் விடியுமுன்னே புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் தயார். ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. தொண்டாமுத்தூர் தாண்டியதும் டிரைவர் ஓரங்கட்டிவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"ஆனை எறங்கியிருக்குதாமுங்க. தோப்புக்குள்ள நிக்குதாம். நல்லா வெளிச்சம் வரட்டும், அப்புறம் போலாமுங்க."

அரை மணி நேரம் காத்திருந்தோம். யானையை நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்க ஆசைப்படவும் இல்லை.

நாங்கள் போனது மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான ஓர் இல்லத்துக்கு. செல்வியக்காவை அழைத்துவரத்தான் இந்தத் தலைகீழ்ப் பாதை. அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். பதினெட்டுக்குப் பிறகும் போக்கிடம் இல்லாமல், இவர்கள் வளர்ந்த குழந்தைகள் இல்லத்திலேயே பல வருடம் இருந்து, சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவாரி, சோறூட்டிக்கொண்டிருந்தவர். மூன்று வயதில் வந்த சுகன்யா அவர் மடியில்தான் வளர்ந்தாள். பிறகு செல்வியக்காவை இங்கே மாற்றினார்கள். பச்சைப் பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். பொறுப்பாளர் அம்மா வலிப்பு மாத்திரையை மெர்சியிடம் கொடுத்து, "மத்தியானம் மறக்காம குடுத்துப்போடுங்க" என்றார். வேனில் ஏறியதும் செல்வியக்கா ஒவ்வொருவராகப் பார்த்து, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதுவரை முகமறியாத என்னையும் விடவில்லை.

பெருந்துறையில் மாப்பிள்ளை கார்த்தியின் வீடு சிப்காட் பக்கம். சுகன்யாவும் கார்த்தியும் ஒரே பனியன் கம்பெனியில் வேலைபார்த்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நாங்கள் சீர்த்தட்டுகளோடு வரிசையாக உள்ளே போனோம். கார்த்தியின் பெரிய அத்தை எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொண்ணோட பொறந்த ஊட்டுக்காரங்க யாருங்க?" என்று கேட்டார்.

"நாங்கதானுங்க" என்றார் பிரகாஷ். வேனில் வந்த இல்லத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரும் எட்டு ஜாடை. அந்த அம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை.

சுகன்யாவை மணையில் உட்காரவைத்தார்கள். மெர்சி வளையலை எடுத்துச் செல்வியக்கா கையில் கொடுத்ததும் அத்தை தடுத்தார். "மொத வளையல பெத்தவ போடோணும். இல்லீன்னா புள்ள பெத்த சுமங்கலி போடோணும். இவங்க போட்டா ஆகாதுங்க."

செல்வியக்காவுக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரியவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் என்று மட்டும் புரிந்துவிட்டது. வளையலை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சுகன்யா தலைநிமிர்ந்தாள். "எனக்குப் பெத்தவ மொகமே தெரியாதுங்க, அத்தை. காச்சல் வந்தா மடியில போட்டுக்கிட்டது இந்த அக்காதானுங்க. இவங்க போடாம நான் வளையல் போட்டுக்க மாட்டேனுங்க." நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை.

எல்லோரும் கார்த்தியின் அம்மா சரஸ்வதியம்மாவைப் பார்த்தோம். "போடட்டும் உடுங்க" என்றார் அவர்.

செல்வியக்கா சுகன்யாவின் விரல்களைக் குவித்துப் பிடித்து, "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டபடியே கண்ணாடி வளையலை ஏற்றினார். ஒன்றுகூட உடையவில்லை. பெரிய அத்தை எழுந்து வெளியே போனார். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. பந்தி நடக்கும்போது சரஸ்வதியம்மா பிரகாஷைத் தனியே கூப்பிட்டார். "வளையல் போட்டாச்சு, செரி. புள்ளய அனுப்பறதப் பத்தி நான் இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க. ராத்திரி வலி வந்தா யாருங்க பாப்பாங்க?"

"நான் கூடவே இருப்பேனுங்க, பிரசவ வார்டு நர்சுங்க" என்றார் மெர்சி.

"நீ டூட்டிக்குப் போயிட்டா, அம்மணி?"

நியாயமான கேள்வி. யார் யார் எந்தெந்த நாள் வந்து தங்குவோம் என்று பிரகாஷ் சொல்லச் சொல்ல, சரஸ்வதியம்மாவின் முகம் இளகவில்லை. அப்போது செல்வியக்கா ஒரு தட்டில் புளிச்சோறு வைத்துக்கொண்டு வந்து நின்றார். "சாப்ட்டியா கண்ணு?"

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சரஸ்வதியம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. சொந்தபந்தம் நிறைந்த வீட்டில் அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "நானும் வாரேன். ஊட்டப் பாக்கோணும். புடிக்கலீன்னா கையோட கூட்டிட்டு வந்துபோடுவேன், ஆமா" என்றார்.

மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. அவிநாசி தாண்டும்போது சுகன்யா மெர்சியின் தோளில் தூங்கிவிட்டாள். செல்வியக்கா அவளைக் காட்டி, "பாப்பா எங்க போகுது?" என்று கேட்டார். நாங்கள் வாய்திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து சரஸ்வதியம்மா சொன்னார்: "அவ அம்மா ஊட்டுக்குப் போறா."

பிரகாஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீலாம்பூர் வரை திரும்பவே இல்லை.

சிங்காநல்லூர் வீட்டில் சரஸ்வதியம்மா குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தார். கட்டில்மேல் ஏறித் தூளிக் கொக்கியில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். "பாத்ரூமுக்கு ஒரு ரப்பர் மேட்டு வாங்கிப் போடுங்க" என்றார். அதுதான் அவர் சம்மதம். நான்கு நாள் தங்கிவிட்டுப் போனாராம்.

இருட்டுமுன் செல்வியக்காவைத் திரும்பத் தொண்டாமுத்தூரில் விடப் போனோம். இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிரகாஷ், "வர்ற ஞாயித்துக்கெழம காலையில வாரேனுங்க அக்கா" என்ற பிறகே கையை விட்டார். திரும்பும் வழியில் பிரகாஷ் சொன்னார்: "சின்னதுல எங்களப் பாக்க வர்றவங்க எல்லாருமே 'மறுக்கா வாரேன்'னு சொல்லிட்டுத்தான் போவாங்க. வாசல்லயே ஒக்காந்திருப்போமுங்க. அதனால நான் கெழம சொல்லாம அங்கிருந்து கெளம்ப மாட்டேன்."

உறவு என்பது ரத்தத்தில் வருவது, அது இல்லாதவர்களுக்கு அரசும் இல்லங்களும் மாற்று என்றுதான் என் படிப்பு எனக்குச் சொல்லித்தந்திருந்தது. இவர்கள் ஒரு மாடி வீட்டில் பிறந்த வீட்டையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

இதுபோன்ற இல்லங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அங்கிருப்பவர்களைப் போட்டோ எடுக்காதீர்கள். மறுபடி வருவதாகச் சொன்னால் கிழமையோடு சொல்லுங்கள், முடியாவிட்டால் அந்த வார்த்தையைச் சொல்லாமலே கிளம்பிவிடுங்கள். தொண்டாமுத்தூருக்குக் காந்திபுரத்திலிருந்து டவுன்பஸ் உண்டு. மலையடிவாரத்துக்கு இருட்டில் போகவேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். நான் இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன், எல்லோரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். செல்வியக்காவுக்கு மெர்சி வாசித்துக் காட்டினார்.

வைகாசியில் சுகன்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். காது குத்தும்போது குழந்தையை எந்த மாமன் மடியில் உட்காரவைப்பது என்று சிங்காநல்லூரில் இப்போதே சண்டை.